சிஸ்டர் சந்தனமேரி மிதித்த பாத்தி

தமிழ்நாட்டிலேயே, ஏன், ரோமாபுரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எந்த ஊரிலேயும், தன் காலேஜ் பிரின்சிபாலைக் கெண்டைக்கால் சேற்றில் இறக்கி, மூன்று மணி நேரம் உப்புப் பாத்தி மிதிக்க வைத்து, அவருடைய இடது கால் ஷூவைச் சேற்றுக்குக் காவு கொடுத்து, அதற்கு அப்புறம்தான் போனால் போகிறதென்று அந்தக் காலேஜில் சேர்ந்தவள் தான் ஒருத்திதான் என்று சுலோசனா சொல்வாள்.

முதலில் யாரும் நம்பவில்லை. ஹாஸ்டலில் பக்கத்துப் படுக்கைக்காரி லூர்துமேரி நம்பவில்லை. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும் அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. சிஸ்டர் சந்தனமேரியை ஒரு தரம் பார்த்தவர்கள் அவரைச் சேற்றோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவே முடியாது. அவர் நடந்தால் வெள்ளை அங்கியில் ஒரு மடிப்பு அசையாது. வராந்தாவில் காக்கா கத்தும்போது அவர் திரும்பிப் பார்த்தால் அது பாதிக் கத்தலை அப்படியே விழுங்கிக்கொண்டு பறந்துவிடும். அப்பேர்ப்பட்டவரிடம் போய் லூர்துமேரி, ரொம்பப் பணிவாக, "சிஸ்டர், நீங்க மரக்காணத்துல..." என்று ஆரம்பித்திருக்கிறாள். கடற்கரைப் பெண்களுக்குக் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் பெல் அடிக்கப் போய்விட்டார்.

ஆனால் சுலோசனா சொல்வதை நிறுத்துகிறவளா? பி.யு.சி.யில் இரண்டு மணி நேரமாக இருந்த மிதி, பி.எஸ்ஸி. முதல் வருஷத்தில் இரண்டரை ஆகி, மூன்றாம் வருஷத்தில் மூன்று மணி நேரத்தில் வந்து நின்றது. சொல்லிச் சொல்லிக் காலேஜ் முழுக்க நம்ப ஆரம்பித்துவிட்டது. கடைசியில் நம்பாத ஆள் என்று மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தர். அது சிஸ்டர் சந்தனமேரி.

நடந்தது என்னவோ 1972ஆம் வருஷம் ஜூன் மாதத்தில். அந்தக் காலத்து ஜூன் மாதத்தில் மரக்காணத்து உப்பளத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றால் குடையின் நிழலுக்கே வியர்க்கும். தரையும் வெள்ளை, ஆகாயமும் வெள்ளை, நடுவில் ஆட்கள் மட்டும் கருப்புப் புள்ளிகளாக அசைவார்கள். கழுவேலி ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் உதடு கரிக்கும், கிழக்கேயிருந்து வந்தால் எக்கியார்குப்பத்துக் கருவாடு மணக்கும். அந்த மணத்தை நினைத்தால் சுலோசனாவுக்கு இப்போதும் பசி வந்துவிடும்.

அவளுடைய நைனா அரசப்பனுக்கு அங்கே குத்தகையில் நாலு பாத்தி. நாலையும் சேர்த்தால் நம் தாலுகா ஆபீஸ் வாசல் அளவு இருக்கும். சுலோசனா சொல்லும்போது கண்ணுக்கெட்டிய தூரம். தண்ணீர் காய்ந்து கெட்டியாகிக்கொண்டே வரும்போது எந்த நேரத்தில் அதைப் பாத்தியில் பாய்ச்சுவது என்பதில்தான் உப்புக்காரனுடைய சாமர்த்தியம் எல்லாம் இருக்கிறது. முந்தினால் உப்பு பூக்காது, பிந்தினால் கசக்கும். அதைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. தண்ணீரில் மிதக்க விட்டால் இத்தனை டிகிரி என்று காட்டும். அரசப்பனுக்கு அந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது, சுலோசனாவுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து அவள்தான் பார்த்துச் சொன்னாள். பக்கத்துப் பாத்திக்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்தே இருபத்து நாலா இருபத்தைந்தா என்று சொல்லிவிடுவேன் என்பது அவள் கட்சி. குழாயைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நாக்கில் வைப்பாள் என்பது அவள் அம்மா அஞ்சம்மாள் கட்சி.

குழாயை ஒரு மூங்கில் குழலுக்குள் போட்டு, துணி அடைத்து, இடுப்பில் செருகியிருப்பாள். அதை அவளைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. உடைந்தால் இன்னொன்று பாண்டிச்சேரியிலிருந்து வரவேண்டும்.

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தபோது சுலோசனா பள்ளிக்கூடத்தில் முதல். மார்க்கைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் அதை விட்டுவிடலாம். ஹெட்மாஸ்டர் இரண்டு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட வைத்தார்.

முதல் கடிதம் மெட்ராஸிலிருந்து வந்தது. வெள்ளைக்காரர் காலத்துக் காலேஜ். கடிதத்தின் தலைப்பிலேயே சிவப்புக் கட்டடமும் கோபுரமும் அச்சடித்திருந்தார்கள். பெயரைச் சொன்னாலே திண்டிவனத்து வக்கீல்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். கெமிஸ்ட்ரி குரூப்பில் இடம் கிடைத்திருந்தது. கூடவே கட்ட வேண்டிய ஃபீஸ் இரண்டு பக்கத்துக்கு. அரசப்பன் அந்தக் கடிதத்தை எட்டுத் தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். புரிந்ததா இல்லையா, கேட்டுவிட்டு உப்பு அம்பாரத்தைக் காட்டினார். பனையோலை போட்டு மூடிய அம்பாரம், ஆள் உயரத்துக்கு மேல். "அது பாத்துக்கும்" என்றார்.

நாலு நாள் கழித்துக் கால்வாய்ப் பாலத்தின் மேல் தபால்காரர் இரண்டாவது கடிதத்தைக் கொடுத்தார். அது பாண்டிச்சேரியிலிருந்து கடலூர் போகிற ரோட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சிஸ்டர் காலேஜ். ஆரம்பித்து மூன்று வருஷம்தான். படிப்பு இலவசம், ஹாஸ்டல் இலவசம், சாப்பாடு இலவசம், புத்தகம் இலவசம், போதாததற்கு இரண்டு செட் துணி. ஜூன் இருபத்து நாலுக்குள் அப்பாவின் கையெழுத்தோடு பதில் வேண்டும்.

அந்தக் காலேஜை அவள் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். முந்திரித் தோப்புக்கு நடுவில் ஓட்டுக் கட்டடம், பின்னால் ஒரு கீத்துக் கொட்டகை, கேட்டில் ஆடு படுத்திருந்தது. பாலத்தின் மேல் நின்றபடியே கடிதத்தைச் சுருட்டி மூங்கில் குழலின் அடியில் திணித்து, அதற்கு மேல் கண்ணாடிக் குழாயைப் போட்டுத் துணியை அடைத்தாள். வீட்டில் சொல்லவில்லை. சிவப்புக் கோபுரம் இருக்கும்போது ஆடு படுத்திருக்கிற கேட்டுக்குள் யார் போவார்கள்?

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் மழை வந்தது. சுலோசனாவின் கணக்குப்படி அது நோவாவின் பேழையை மிதக்க விட்ட மழை. முக்கால் மணி நேரம் என்பது மற்றவர்கள் கணக்கு. அம்பாரத்தின் ஓலை பறந்து, ஆள் உயர உப்பு இடுப்புயரமாகி, முழங்காலுயரமாகி, கடைசியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிற அளவுக்குச் சுருங்கியது. பாத்தியெல்லாம் சொதசொதவென்று ஊறிப் போயிற்று.

அரசப்பன் அன்றைக்கு இருட்டும் வரைக்கும் பறந்த ஓலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நாள், திண்டிவனத்து மொத்த வியாபாரியிடம் இரண்டு வருஷத்து உப்பை முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு ஃபீஸ் கட்டிவிடலாம் என்றார். அஞ்சம்மாள் காதுக் கம்மலைக் கழற்றி ஒரு பவுடர் டப்பா மூடியில் வைத்தாள். தூர்ந்து போகாமல் இருக்க ஓட்டையில் ஒரு துண்டு ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள். சுலோசனா அதைப் பார்த்தாள். அந்த நிமிஷமே மூங்கிலைத் திறந்து கடிதத்தை வெளியே எடுத்திருக்க வேண்டும். கை இடுப்பு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது. பெருமையடித்துக்கொள்ளும்போது அவள் இந்த இடத்தை மட்டும் சொல்லமாட்டாள்.

இருபத்து மூன்றாம் தேதி பாத்தி மிதி. மழையில் இளகின பாத்தியை ஒரு அளவுக்குக் காயவிட்டு, ஏழெட்டுப் பேர் வரிசையாகத் தோளோடு தோள் நின்று, அரை அடி அரை அடியாக இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரைக்கும் மிதித்துக்கொண்டே போக வேண்டும். குதிகாலை அழுத்தி, விரலை அழுத்தி, சிமென்டுத் தரை மாதிரி ஆக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். மிதி சீராக விழ மேஸ்திரி கலியபெருமாள் வரப்பில் நின்று எண்ணிக்கொண்டிருப்பார்.

அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மிதி நடக்கிற பாத்தியில் வெளியாள் கால் வைத்துவிட்டால், அந்தக் கால் கடைசி வரப்பு வரைக்கும் மிதித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பாதியில் ஏறினால் அந்த வருஷம் முழுக்க அந்தப் பாத்தியில் உப்பு பூக்காது என்பது நம்பிக்கை. உப்பு இலாகா அதிகாரி ஒருத்தரே ஒரு தரம் மாட்டிக்கொண்டு, பைல்களைத் தலையில் வைத்துக்கொண்டு மிதித்தார் என்று கலியபெருமாள் சொல்வார். பொய்யில் அவர்தான் சுலோசனாவுக்குக் குரு.

பத்து மணி வாக்கில் தூரத்தில் ஒரு கருப்புக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே வெள்ளை அங்கி, அதற்குக் கீழே கருப்பு ஷூ. வரப்பில் நாலு பேரிடம் நின்று நின்று விசாரித்துக்கொண்டே வந்தது. கடைசியில் யாரோ சுலோசனாவைக் கை காட்டியிருக்கிறார்கள். வெயிலில் மேல் பொருக்கு காய்ந்து, பாத்தி பார்க்கத் தரை மாதிரிதான் இருந்தது. குடை வளைந்து வரும் வரப்பை விட்டுவிட்டுக் குறுக்கு வழியாக நேரே இறங்கியது.

நாலே எட்டு. ஐந்தாவது எட்டில் சிஸ்டர் சந்தனமேரி கணுக்காலுக்கு மேல் உள்ளே போனார். ஒரு காலை இழுத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை.

மிதி நின்றது. கலியபெருமாள் எண்ணுவதை நிறுத்திவிட்டு, ரொம்ப மரியாதையாக, துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். கன்னியாஸ்திரீகளுக்கும் இது உண்டா என்று கேட்டார். கால் இருக்கிற எல்லாருக்கும் உண்டு என்று பதில் வந்தது. சிஸ்டர் குடையை மடக்கினார். மிச்சமிருந்த ஷூவைக் கழற்றி வரப்பின் பக்கம் எறிந்தார். அங்கியை முழங்காலுக்குத் தூக்கி இடுப்பு வாரில் செருகிக்கொண்டு, வரிசையில் சுலோசனாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

பத்தடி போவதற்குள் கலியபெருமாளின் வாய் திறந்துகொண்டது. சிஸ்டர் குதிகாலை வைத்த அழுத்தம் அப்படி. செஞ்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்றும், மடத்தில் சேருவதற்கு முன்னால் வருஷா வருஷம் நாற்றங்காலுக்குச் சேறு மிதித்த கால் என்றும் அப்புறம்தான் தெரிந்தது.

மிதித்துக்கொண்டே சிஸ்டர் அந்தப் பக்கம் இருந்த அரசப்பனைப் பார்த்துக் கேட்டார். "நீங்கதானே அரசப்பன்? எங்க லெட்டருக்கு ஏன் பதில் போடலை? நாளைக்குக் கடைசி நாளு."

"என்னா லெட்டர், சிஸ்டரம்மா?"

சுலோசனாவுக்குக் கால் சேற்றில் இருந்தது, உயிர் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இடுப்பில் மூங்கில் சுட்டது. சிஸ்டர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். காக்காயைப் பார்க்கிற அதே பார்வை. பார்த்துவிட்டு அரசப்பன் பக்கம் திரும்பி, குரல் ஒரு இம்மி மாறாமல் சொன்னார்.

"தபால்ல தாமசம் ஆயிருக்கும். இப்பல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

கர்த்தருடைய ஊழியக்காரி, பகல் பத்து மணிக்கு, ஆறு பேர் சாட்சியாகச் சொன்ன பொய். அதற்கு அப்புறம் நாலு எட்டு தள்ளி, வாயை அசைக்காமல் சுலோசனாவிடம் மட்டும் கேட்டார்.

"எங்க வச்சிருக்க?"

"டிகிரிக் குழல்ல."

"மெட்ராஸா?"

சுலோசனா தலையை ஆட்டினாள். திட்டு விழும் என்று பார்த்தாள். சிஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டார். நல்ல காலேஜ் என்றார். தானும் அங்கேதான் படித்ததாகச் சொன்னார். சொன்னவர் சும்மா இல்லை. எதிர்க்கடைக்காரன் சரக்கைப் புகழ்ந்துகொண்டே போனார்: எவ்வளவு பெரிய லேப், தேக்கு மேசை எத்தனை, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கேஸ் குழாய், தூசி கூட நுழையாத கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, ஒரு தலைமயிரை வைத்தால் கூட நிறுத்துச் சொல்லிவிடும். அந்தத் தராசைச் சொல்லும்போது அவருடைய மிதி ஒரு தாளம் தப்பியது. கலியபெருமாள் வரப்பிலிருந்து, காலைப் பார்த்துப் போடுங்க சிஸ்டரம்மா என்றார்.

"உங்ககிட்ட என்னா இருக்குது?" என்றாள் சுலோசனா.

"கீத்துக் கொட்டகை இருக்குது. ரெண்டு மேசை. நாலு பியூரெட், அதுல ஒண்ணு மூக்கு ஒடைஞ்சது." சிஸ்டர் இன்னொரு எட்டு மிதித்தார். "பதினோரு பொண்ணுங்க இருக்காங்க."

பன்னிரண்டு பேர் இல்லாவிட்டால் கெமிஸ்ட்ரி குரூப்பை மூடச் சொல்லி யுனிவர்சிட்டியிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறார். பதினோரு பேரையும் கொண்டு வந்து சேர்த்தது சிஸ்டர்தான், ஊர் ஊராகப் போய். பன்னிரண்டாவது ஆளுக்காகத் திருக்கோவிலூர் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். குரூப் மூடினால் அந்தப் பதினோரு பேரும் ஹிஸ்டரி படிக்க வேண்டியதுதான், இல்லையென்றால் வீட்டுக்கு.

சுலோசனா உப்பளத்தில் பிறந்தவள். வியாபாரி வண்டியை விட்டு இறங்கும்போதே, இவன் பார்க்க வந்தவனா, வாங்காமல் போகமாட்டானா என்று நடையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதுவரைக்கும் ஸ்காலர்ஷிப் என்றால் மேலே இருந்து யாரோ கீழே போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால், இந்த அம்மாள் கொடுக்க வரவில்லை, கேட்க வந்திருக்கிறார். பயம் போய்விட்டது. பயம் போனால் அவளுக்கு வாய் வந்துவிடும்.

"கண்ணாடிப் பெட்டித் தராசு வாங்குவீங்களா?"

சிஸ்டர் பன்னிரண்டு எட்டு பதில் சொல்லாமல் மிதித்தார். கலியபெருமாள் எண்ணியதை வைத்துத்தான் அது பன்னிரண்டு என்று தெரியும். அங்கி ஓரமெல்லாம் சேறு. முகத்திலிருந்து வியர்வை சொட்டிப் பாத்தியில் விழுந்தது. அதில் எத்தனை டிகிரி உப்பு இருந்திருக்கும் என்று அந்த நேரத்திலும் சுலோசனா நினைத்துக்கொண்டாள்.

"வாங்கறேன்."

"எப்ப?"

"நீ பி.எஸ்ஸி. மொத வருஷம் முடிக்கறதுக்குள்ள."

"கையுப்பு வைப்பீங்களா?"

அது என்ன என்று சிஸ்டர் கேட்டார். உப்பளத்தில் எந்தப் பேச்சும் காகிதத்தில் முடிவதில்லை. குத்தகையோ கல்யாணமோ, வாக்குக் கொடுக்கிறவர் ஒரு பிடி உப்பை எடுத்து மற்றவர் கையில் வைப்பார். வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வைத்த பிறகு மாறினவர்கள் இல்லை, மாறினவர்களுக்கு அந்த உப்பளத்தில் ஒருத்தரும் வேலை கொடுப்பதும் இல்லை. சிஸ்டர் கேட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மிதித்தார்.

கடைசி வரப்பு வந்தது. எல்லாரும் ஏறினார்கள். அஞ்சம்மாள் சிஸ்டருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சொம்பை நீட்டியபோது அம்மாவின் காது சுலோசனாவுக்கு நேராக வந்தது. அந்த ஈர்க்குச்சி.

சுலோசனா இடுப்பிலிருந்து மூங்கிலை எடுத்தாள். துணியை உருவினாள். கண்ணாடிக் குழாயை எடுத்து ஜாக்கிரதையாக அம்மா கையில் கொடுத்தாள். மூங்கிலைக் கவிழ்த்துத் தட்டினாள். சுருட்டின கடிதம் வெளியே விழுந்தது.

அரசப்பன் கடிதத்தைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், கடைசியாகச் சிஸ்டரைப் பார்த்தார்.

"தாமசமா வந்த தபாலு மூங்கிலுக்குள்ள எப்படிப் பூந்துது, சிஸ்டரம்மா?"

சிஸ்டர் சந்தனமேரியின் முகம் அப்படிச் சிவந்ததை அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மெட்ராஸ் காலேஜ் கோபுரமே தோற்றுவிடும். கலியபெருமாள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அரசப்பன் சிரிக்கவில்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னார். சுலோசனா படித்தாள். எல்லாம் இலவசம் என்ற இடத்தைத் தலை நிமிராமல் படித்தாள். அவர் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மிஞ்சியிருந்த அம்பாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸுக்குத்தான் போகணும்னா போ. நான் சொன்னது சொன்னதுதான், அந்த வியாபாரிய நாளைக்குப் போய்ப் பாக்கறேன். ஆனா எங்கிட்ட ஒளிச்சு வச்சிக்கினு போவாத."

இப்போது முடிவு அவள் கையில்தான் இருந்தது. சிவப்புக் கோபுரம் கண்ணுக்கு முன்னால் நின்றது. தேக்கு மேசை நின்றது. ஆனால் அந்தக் கட்டடத்தில் ஏற்கனவே எல்லாம் இருந்தது. அவள் போனாலும் போகாவிட்டாலும் கேஸ் குழாய் எரியும், தராசு நிறுக்கும். கடலூர் ரோட்டில் பதினோரு பெண்கள் ஒரு மூக்கு உடைந்த பியூரெட்டைச் சுற்றி நின்றுகொண்டு, பன்னிரண்டாவது ஆள் வருகிறாளா என்று கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா வெறும் காதோடு சொம்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"தராசு வாங்குவேன்னு சொன்னாங்க, நைனா," என்றாள் சுலோசனா. "கையுப்பு வைக்கச் சொல்லு."

சிஸ்டருக்கு அந்தத் தராசு விலை தெரியும். மடத்தில் அவ்வளவு இல்லை என்பதும் தெரியும். மழைக்கு மிஞ்சிய அம்பாரத்திலிருந்து அரசப்பன் ஒரு பிடி உப்பை அள்ளி அவர் கையில் கொடுத்தார். சிஸ்டர் அதை வாங்கி, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்து, சுலோசனாவின் இரண்டு கையிலும் வைத்தார். சேற்றுக் கையும் சேற்றுக் கையும். அப்புறம் அங்கிப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அரசப்பன் கலியபெருமாளின் முதுகில் ஃபாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஷூவைத் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. மிதித்த மிதியில் அது எங்கே போய்ச் சேர்ந்ததோ. அடுத்த வருஷம் பாத்தியைக் கிளறும்போது எடுத்து அனுப்புவதாகக் கலியபெருமாள் வாக்குக் கொடுத்தார், உப்பு வைக்காமல். ஒற்றை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் குடையோடு, வெறுங்காலோடு சிஸ்டர் பாண்டிச்சேரி பஸ் ஏறினார். அந்த வருஷம் அந்தப் பாத்தியில் உப்பு பூத்த மாதிரி கோட்டக்குப்பத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் எங்கேயும் பூக்கவில்லை. இதையும் சுலோசனாதான் சொல்கிறாள்.

அஞ்சம்மாள் அன்றைக்கே கம்மலைப் போட்டுக்கொண்டாள். குச்சி செருகின ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கெமிஸ்ட்ரி குரூப் மூடவில்லை. கொட்டகையில் மழைக் காலத்தில் ஒருத்தி குடை பிடிக்க ஒருத்தி டைட்ரேஷன் செய்தார்கள். அப்படிச் செய்த டைட்ரேஷன் மாதிரி உலகத்தில் வேறு எங்கேயும் துல்லியமாக வந்ததில்லை. தராசும் வந்தது. 1974ஆம் வருஷம் மார்ச் மாதம், பி.எஸ்ஸி. முதல் வருஷப் பரீட்சைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, ஒரு மாட்டு வண்டியில், சிஸ்டருடைய சொந்தத் தலையணைகள் நாலு பக்கமும் முட்டுக் கொடுக்க வந்து இறங்கியது. பழைய தராசுதான். கண்ணாடியில் ஒரு மூலை விரிசல். யார் யார் வீட்டுப் படியேறி அதை வாங்கினார் என்று சிஸ்டர் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சுலோசனாவைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டி, தூசி படாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். அவள் தன் தலைமயிரில் ஒன்றைப் பிடுங்கி வைத்துப் பார்த்தாள். நிறுத்துச் சொன்னது.

எம்.எஸ்ஸி.க்கு அவள் அந்தச் சிவப்புக் காலேஜுக்கே போனாள். அங்கே நாற்பது தராசு இருந்தது. தேக்கு மேசையும் இருந்தது. இரண்டு வருஷம் நன்றாகவே படித்தாள். கோபுரத்துக்குக் கீழே நிற்கும் போதெல்லாம் மூக்கு மட்டும் எதையோ தேடும். முந்திரிப் பூ வாசனையா, ஈரக் கீத்து வாசனையா என்று யோசிப்பாள். 1978இல் பாஸ் செய்துவிட்டுச் சிஸ்டர் காலேஜுக்கே டெமான்ஸ்டிரேட்டராக வந்து சேர்ந்தாள். கேட்டில் அதே ஆட்டின் பேரக்குட்டிகள் படுத்திருந்தன.

அடுத்த வருஷம் ஏப்ரலில் சிஸ்டர் சந்தனமேரிக்குத் திருச்சிப் பக்கம் மாற்றல் வந்தது. ஓட்டுக் கட்டடத்தின் முன்னால் ஷாமியானா போட்டு வழியனுப்பு விழா நடத்தினார்கள். நானூறு பெண்கள் தரையில். மேடையில் மடத்துப் பெரிய மதர், பங்குச் சாமியார், டிரஸ்ட்டிகள். கடைசி வரிசையில் அரசப்பனும் அஞ்சம்மாளும், கலியபெருமாளும் கூட, புது வேட்டியில். கெமிஸ்ட்ரி சார்பில் பேசச் சொல்லிச் சுலோசனாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் மைக்கைப் பிடித்தாள். நோட்டில் எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டாள். மரக்காணத்தில் ஆரம்பித்தாள். குடையைச் சொன்னாள், பாத்தியைச் சொன்னாள். அன்றைக்கு மூன்று மணி நேரம் நாலாகிவிட்டது. பெண்கள் சிரித்துச் சிரித்துச் சாய்ந்தார்கள். பெரிய மதர் மெல்லத் திரும்பிச் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் எப்போதும் போல நேராக உட்கார்ந்து, இல்லை என்று தலையை அசைத்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாக அசைக்கிற அதே அசைப்பு. தபாலைப் பற்றியும் தாமதத்தைப் பற்றியும் சுலோசனா ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அவள் யாரிடமும் என்றைக்கும் சொன்னதில்லை. எவ்வளவு புளுகினாலும் அந்த ஒன்று பத்திரமாக உள்ளேயே இருந்தது.

"அப்பத்தான் சிஸ்டருடைய இடது கால் ஷூ..." என்றாள். என்றுவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். ஏழு வருஷமாக இடது கால், இடது கால் என்றே சொல்லி வந்தாள். தண்ணீரைக் கால் டிகிரி பிசகாமல் பார்த்துச் சொல்கிறவளுக்கு எந்தக் கால் என்று தெரியாதா?

சிஸ்டர் சந்தனமேரி நாற்காலியை விட்டு எழுந்தார். நானூறு பேரும் கப்சிப். மடிப்பு அசையாமல் நடந்து மைக்குக்கு வந்தார். சுலோசனா ஒதுங்கிக்கொண்டாள். சிஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கடைசி வரிசையில் இருந்த அரசப்பனைப் பார்த்தார், அப்புறம் பெரிய மதரைப் பார்த்தார்.

"வலது கால்," என்றார். "எத்தனை வருஷமாச்சு, இன்னும் தப்பாவே சொல்லிக்கிட்டு இருக்கா இவ. வலது கால் ஷூ. நாலு மணி நேரம் இல்ல, ஒண்ணே முக்கால். அன்னிக்கு நான் ஒரு பொய்யும் சொன்னேன், மதர், அதை நான் தனியா வந்து சொல்றேன்." பெருமூச்சு விட்டார். "மத்ததெல்லாம் நடந்துச்சு."